வேலை போனவர் எந்த இலாகாவின் கணக்கில்?

கேள்வி: நான் கேமரன் மலை, திரிங்காப்பில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தாவுக்கு 86 வயது. ரப்பர் விலை விழுந்த காலத்தில் அவருடைய பெரியப்பா குடும்பத்தை "சர்க்கார் டிக்கெட்" கொடுத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி விட்டார்களாம். தாத்தாவின் அப்பா மட்டும் சடக்கு வேலை கிடைத்து மலைக்கு வந்தாராம். பிறகு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார். என் மகள் இடைநிலைப் பள்ளியில் வரலாறு படிக்கிறாள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அரசாங்கமே லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது என்று பாடத்தில் வந்ததாம். "நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஏன் டிக்கெட் கொடுத்தாங்க?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மலாயாவில் எந்த இலாகா என்ன செய்தது? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தம்பி வேலை செய்யும் காய்கறி நிறுவனம் கைமாறப் போகிறது என்கிறார்கள். வேலை போனால் இன்று எந்த ஆபீஸின் கதவைத் தட்டுவது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகளின் கேள்வி சரியான கேள்வி. மலாயாத் தமிழர் வரலாற்றில் 1930களின் பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரப்பர் விலையைச் சொல்வார்கள், கப்பலைச் சொல்வார்கள். நடுவில் இருந்த அரசு இலாகாக்களைச் சொல்வதில்லை. டிக்கெட்டை எழுதியது ஒரு இலாகா. பணம் வந்தது ஒரு நிதியிலிருந்து. வேலை கொடுத்திருக்கக்கூடிய இலாகாக்கள் வேறு இருந்தன. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் அவளுக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் நிலைமை எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1929இல் ஒரு ராத்தல் ரப்பர் 34 காசு அளவில் விற்றது. 1932இல் சராசரி விலை 7 காசு. அந்த ஆண்டின் நடுவில் 5 காசுக்கும் கீழே போனது. மந்தத்துக்கு முன் பெரும்பாலான மாவட்டங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு அரசு ஒப்புக்கொண்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரத்துக் குறைந்த பகாங் உட்பகுதிக்குச் சற்றுக் கூடுதல். 1930இல் அதில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி 40, 32 என்று ஆக்கினார்கள். அது அங்கேயும் நிற்கவில்லை. 1932இல் பல தோட்டங்களில் ஆண் கூலியே 30 காசுக்குக் கீழே இறங்கிவிட்டது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிய தோட்டங்கள் ஏராளம். புல் வெட்டு, சாக்கடை வேலை எல்லாம் நிறுத்தப்பட்டன. பால் மரக்காரர்களுக்கு மட்டும் வேலை, அதுவும் முன்பைவிடக் கூடுதல் மரம்.

இந்த நேரத்தில் தொழிலாளர் இலாகா என்ன செய்தது? மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1912 முதல் இயங்கி வந்த இலாகா அது. அதன் தலைவர் தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரி. பதவிப் பெயரே வேலையின் தன்மையைச் சொல்லும். லயங்களைப் பார்வையிடுவது, சம்பளப் பாக்கி வழக்கைக் கேட்பது, தோட்ட மருத்துவமனையைச் சோதிப்பது ஆகியவை அதன் அன்றாடப் பணிகள். அவற்றில் நல்ல அதிகாரிகள் நன்மை செய்ததும் உண்டு. ஆனால் அந்த இலாகாவின் கையில் இருந்த பெரிய பணம் வேறொன்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று தொடங்கி, பிறகு இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. இந்தியத் தொழிலாளிகளை வைத்து வேலை வாங்கிய ஒவ்வொரு முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆள் செய்த வேலையைக் கணக்கிட்டு அதற்குப் பணம் கட்ட வேண்டும். ரயில்வேயும் பொதுப்பணி இலாகாவும்கூட முதலாளிகள் என்ற முறையில் கட்டின. அந்தப் பணத்தில் ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிகளுக்குச் சன்மானம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களின் செலவு, கப்பல் கட்டணம் ஆகியவை நடந்தன. நிதியை நடத்திய குழுவில் கட்டுப்பாட்டு அதிகாரி தலைவர். உறுப்பினர்களில் தோட்டத்துரைமார் கைதான் ஓங்கி இருந்தது.

ஆள் கொண்டுவருவதற்காகச் சேர்த்த பணம் அது. 1930 ஆகஸ்டில் கங்காணி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டதும் அதே பணம், அதே கப்பல், அதே டிப்போ எல்லாம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கின. புதிதாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருக்கவில்லை. புதிய இலாகா தேவைப்படவில்லை. வேலை போனவர் தொழிலாளர் இலாகாவின் ஆபீசில் வந்து நின்றால், அந்த அதிகாரியின் மேசையில் அவருக்குக் கொடுக்க இருந்த ஒரே பொருள் டிக்கெட். 1930, 1931, 1932 ஆகிய மூன்று ஆண்டுகளில் இப்படி நிதியின் செலவிலும் அரசின் செலவிலும் திரும்பியவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். சொந்தக் காசில் போனவர்கள் இதற்கு மேல். 1931 குடிக்கணக்கில் மலாயா இந்தியர் மொத்தமே 6,20,000 சொச்சம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் தாத்தாவின் பெரியப்பா குடும்பம் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

எல்லாரையும் பிடித்துத் தள்ளினார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. வேலை இல்லாத ஊரில் பசியோடு கிடப்பதைவிடத் தாயையும் நிலத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று விரும்பிப் போனவர்கள் பலர். வெட்டப்பட்ட கூலியை ஏற்க மறுத்தால் ஊர் திரும்பச் செலவு உண்டு என்ற ஏற்பாடு தொழிலாளிக்கு ஒரு பிடிமானமாகவும் இருந்தது. கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தால் வந்த பதவி அது. அவர் இந்த உரிமையைக் கவனித்துக்கொண்டார், புகார்களை எழுதினார். தோட்ட முதலாளிகளில் ஒரு பகுதியினர் இத்தனை பேரை அனுப்பாதீர்கள் என்று அரசிடம் முறையிட்டதும் உண்டு. விலை ஏறும்போது ஆள் வேண்டும், அதுவரை மலிவான கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே டிக்கெட் தொழிலாளிக்குச் சில நேரம் பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனாலும் மலாயாவிலேயே பிறந்து, நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில் போனார்கள். அவர்களுக்கு அது திரும்புதல் அல்ல.

இப்போது சடக்கு வேலைக்கு வருவோம். தாத்தாவின் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் உண்மை இருக்க இடமுண்டு. கேமரன் மலையில் அந்த ஆண்டுகளில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைப் பயணத்தில் கண்ட மலையை, 1925இல் உயர் அதிகாரியான சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துவிட்டு மலைவாசத் தலமாக்கலாம் என்றார். அதன் பிறகு தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சடக்கு போடும் பணி தொடங்கி, 1931 வாக்கில் வண்டி ஏறும்படி ஆனது. விவசாய இலாகா தானா ராத்தாவில் சோதனைப் பண்ணை வைத்து, மலையில் தேயிலை வருமா, காய்கறி வருமா என்று பார்த்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் "போ" தேயிலைத் தோட்டத்துக்கு நிலம் வாங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்து அனுபவப்பட்ட ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. ஒரு ஸ்டீம்ரோலரும் கோவேறு கழுதைகளும் கூலிகளின் கையும்தான் காட்டைத் திறந்தன. 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தொடங்கியது. கீழே ரப்பர் தோட்டங்கள் ஆளை வெளியேற்றிய அதே ஆண்டுகளில், மேலே தேயிலைக் காடுகள் ஆளைக் கேட்டன. வேலை போன தமிழர் சிலர் மலையேறியதற்கு இதுதான் வழி.

ஆனால் உங்கள் மகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தச் சடக்கு வேலையில்லாதவர்களுக்காகப் போடப்பட்டது அல்ல. ரப்பர் நல்ல விலைக்குப் போன 1925, 1926இல் கையில் பணம் இருந்தபோது தீட்டிய திட்டம் அது. துரைமார் குளிர் வாங்குவதற்காகவும், மலைப் பயிருக்காகவும். மந்தம் வந்ததும் மலைவாசத் திட்டத்துக்கான செலவும் சுருங்கியது. வருமானம் குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும் என்பதே அன்றைய கூட்டரசு அரசாங்கத்தின் பொருளாதாரம். 1932இல் செலவுக் குறைப்பு ஆணையமும் உட்கார்ந்தது. வேலை கொடுக்கத் தகுதியான இலாகாக்கள் பொதுப்பணியும் ரயில்வேயும்தான். அவையே தங்கள் தமிழ்க் கூலிகளைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தன. ஒரு இலாகா ஆளை நீக்கியது, இன்னொரு இலாகா அவருக்கு டிக்கெட் எழுதியது. இரண்டும் ஒரே அரசாங்கம். சில நகரங்களில் தற்காலிக முகாம் போட்டுச் சோறு கொடுத்து, அதற்கு ஈடாகக் கொஞ்சம் சில்லறை வேலை வாங்கியதும் நடந்தது. கப்பலுக்குக் காத்திருக்கும் இடமாகத்தான் அந்த முகாம்கள் இருந்தன.

சீனத் தொழிலாளர் கதை இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டியது. 1931இல் ஈய உற்பத்திக் கட்டுப்பாடு வந்து கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடப்பட்டன. சீனர்களையும் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். 1930 முதல் புதிதாக வரும் சீன ஆண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள், 1933இல் அந்நியர் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் தங்கியவர்களுக்கு நில இலாகா ஒரு சிறு வாசலைத் திறந்தது. சுரங்கத்து ஓரத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் பேரில் காய்கறி போட்டுப் பிழைக்கலாம் என்பது அது. பல குடும்பங்கள் அப்படியே மண்ணில் கால் ஊன்றின. நமக்கு அந்த வாசல் பெரும்பாலும் திறக்கவில்லை. தோட்டத் தமிழர் லயத்தில் இருந்தார், வேலை போனால் லயமும் போனது, நிலம் என்று கேட்க அவருக்கு முகவரியே இல்லாமல் போனது. இன்று நீங்கள் இருக்கும் திரிங்காப்பில், கம்போங் ராஜாவில், கோலா தெர்லாவில் மலைச்சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்கள். அந்த நிலங்களில் எத்தனை தமிழர் கையில் உரிமம் இருக்கிறது, எத்தனை தமிழர் கூலிக்கு நிற்கிறார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இதற்குக் காரணம் 1930கள் மட்டும் அல்ல, ஆனால் 1930களில் எந்த இலாகா யாருக்கு எதைக் கொடுத்தது என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், ஆற்காடு மாவட்டங்களின் கிராமங்களுக்கு. அங்கே நெல் விலையும் விழுந்து கிடந்தது. மிராசுதாரே கடனில் இருந்தார், பண்ணையாளுக்குக் கூலி எங்கிருந்து வரும்? சென்னை மாகாணத்தில் வேலை கொடுக்கும் ஏற்பாடு ஒன்று நெடுங்காலமாகவே இருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பஞ்ச நிவாரண விதிகள் அவை. மழை பொய்த்தால் கலெக்டர் முதலில் சோதனை வேலை திறக்க வேண்டும். குறைந்த கூலிக்கும் ஆள் திரண்டு வந்தால் பஞ்சம் என்று அறிவித்து, பொதுப்பணி இலாகா ஏரி வெட்டு, சாலை, கால்வாய் என்று வேலையைப் பெருக்க வேண்டும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியை அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரணக் கூலிகள்தான் வெட்டினார்கள். கூலி கொடுமையாகக் குறைவு, முகாம்களில் சாவு மிகுதி. அந்தக் கொடுமையை மறைக்கக் கூடாது. ஆனாலும் எந்த அதிகாரி, எப்போது, எந்த வேலையைத் திறக்க வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது.

அந்த விதிகள் மழை பொய்த்தலுக்கு எழுதப்பட்டவை. 1931இல் காவிரியில் தண்ணீர் ஓடியது, வயலில் நெல் விளைந்தது, விலைதான் இல்லை. விளைந்த நெல்லுக்கு நடுவில் வேலையில்லாமல் நிற்பவர் விதிகளின்படி பஞ்சத்தில் அடிபட்டவர் அல்ல. நாகப்பட்டினத்தில் இறங்கிய மலாயாத் தொழிலாளி இந்த இடைவெளியில் விழுந்தார். பினாங்கில் ஏறும் வரை அவர் தொழிலாளர் இலாகாவின் ஆள். இறங்கும் இடத்தில் குடிபெயர்வு அதிகாரியின் பதிவேட்டில் ஒரு வரி. அதற்குப் பிறகு அவர் எந்த இலாகாவின் ஆளும் இல்லை. 1934இல் ரப்பர் விலை தேறியதும், உதவிக் கட்டணத்தில் மலாயாவுக்கு வரலாம் என்று திரும்பவும் கதவைத் திறந்தார்கள். திரும்பி வந்தவர்களில் முன்பு அனுப்பப்பட்டவர்களே பலர்.

இனி உங்கள் மகள் கேட்ட அமெரிக்கா. அங்கேயும் 1929 முதல் 1932 வரை நடந்தது பெரும்பாலும் கையை விரித்ததுதான். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்த பிறகுதான் வழி மாறியது. அவள் படித்திருக்கக்கூடிய திட்டங்களில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது குடிமக்கள் வனப் பாதுகாப்புப் படை. இளைஞர்களைக் காட்டு வேலைக்கும் மண் அரிப்பைத் தடுக்கும் வேலைக்கும் எடுத்த திட்டம். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போகும். 1933 ஏப்ரலில் முதல் முகாம், ஜூலைக்குள் இரண்டரை லட்சம் பேர் முகாம்களில். இந்த வேகம் எப்படி வந்தது என்பதை அவள் கவனிக்கட்டும். தொழிலாளர் இலாகா உள்ளூர் நிவாரண ஆபீஸ்கள் வழியாக ஆளைத் தேர்ந்தெடுத்தது. போர் இலாகா, அதாவது ராணுவம், கூடாரம் அடித்துச் சோறு போட்டு முகாமை நடத்தியது. விவசாய இலாகாவின் வனப் பிரிவும் உள்துறையின் தேசியப் பூங்காப் பிரிவும் என்ன வேலை, எங்கே வேலை என்று சொல்லி, மேற்பார்வை பார்த்தன. இவற்றுக்கு மேல் தொழிற்சங்கத்திலிருந்து வந்த ராபர்ட் ஃபெக்னர் இயக்குநர். நான்கு இலாகாக்களுக்கும் பொதுவாகத் தனிப் பணம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு இலாகாவும் தன் வழக்கமான பட்ஜெட்டில் கையை வைத்திருந்தால் ஒரு முகாமும் எழும்பியிருக்காது. ஒன்பது ஆண்டில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள். 1935இல் தொடங்கிய ஹாரி ஹாப்கின்ஸின் பொதுவேலை நிர்வாகம் இன்னும் பெரியது. 1943இல் மூடுவதற்குள் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது.

அதையும் பொன் வண்ணத்தில் பார்க்க வேண்டாம். கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம், பெண்களுக்கு மிகக் குறைந்த இடம் என்பதெல்லாம் அங்கே இருந்த குறைகள். ஆனால் மலாயாவில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. வேலை போன அமெரிக்கர் வாக்காளர். அவரை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டு அரசாங்கம் நிம்மதியாக இருக்க முடியாது. அவர் எங்கும் போகமாட்டார் என்ற நிலை இருந்ததால்தான் வேலையை அவரிடம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கு ஒரு கசப்பான சாட்சியும் உண்டு. அதே அமெரிக்கா அதே ஆண்டுகளில் மெக்ஸிகோவிலிருந்து வந்த லட்சக்கணக்கானவர்களை ரயிலில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பியது. அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளும் அந்த ரயில்களில் இருந்தார்கள். எனவே மகளிடம் நாட்டின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லாதீர்கள். எந்த நாட்டிலும், வேலை போனவரை இந்த மண்ணின் ஆள் என்று எழுதி வைத்த இலாகா அவருக்கு வேலை தேடியது. வந்தவர் என்று எழுதி வைத்த இலாகா அவருக்கு வண்டிச் சத்தம் கொடுத்தது. நம்மவரை மலாயா அரசு வந்தவர் என்ற ஏட்டில் வைத்திருந்தது, இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து.

அந்த ஏடு உடனே மூடப்படவும் இல்லை. குடியேற்ற நிதி சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறி, முதியோர் இல்லம், ஊர் திரும்பும் செலவு என்று நடந்து, 1999இல்தான் கலைக்கப்பட்டது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்களான தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் மறுபடி கப்பலேறினார்கள். அப்படி ஆட்களை ஏற்றிச் சென்ற ரஜுலா கப்பலை உங்கள் தாத்தா பார்த்திருப்பார், கேளுங்கள்.

இனி உங்கள் தம்பி. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் பலர் நாள் தவறவிட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

இன்று இந்த நாட்டில் வேலை இழந்தவருக்கு முதல் ஆபீஸ் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதிச் சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. என்று ஒரு சிறு பிடித்தம் இருக்கும். தம்பியிடம் இன்றே அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிடித்தம் இல்லையென்றால் முதலாளி அவர் பெயரைப் பதியாமல் விட்டிருக்கலாம். அது குற்றம், வேலை போவதற்கு முன்பே சொக்சோவில் புகார் கொடுக்க வேண்டும். பிடித்தம் இருந்து, முதல் முறை கோருபவராக இருந்தால், கடந்த 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த 60 நாள் மிக முக்கியம். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, அதற்கு மேல் தகுதி இருந்தால் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. எத்தனை மாதம் என்பது அவர் கட்டிய சந்தாவைப் பொறுத்தது. வேலை தேடும் உதவியும் பயிற்சிக் கட்டணமும் இதனுடன் உண்டு. தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பொதுவாக இது கிடைக்காது. "கைமாறுகிறது, எல்லாரும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால் போட வேண்டாம்.

இரண்டாவது ஆபீஸ் தொழிலாளர் இலாகா. ஆம், அதே 1912ஆம் ஆண்டு இலாகா, இன்று மனிதவள அமைச்சின் கீழ் இருக்கிறது. நிறுவனம் கைமாறினால், புதிய முதலாளி மாற்றம் நடந்த ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலையைத் தொடர அழைக்க வேண்டும். அழைத்தும் காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடையாது. அழைக்காவிட்டால் பழைய முதலாளி ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஓராண்டுக்கு மேல், இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு இந்த இழப்பீடு. முன்னறிவிப்பு நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று இதேபோல் சேவைக் காலத்துக்கு ஏற்ப. தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் வழக்குப் பதியலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை. நியாயமற்ற பணிநீக்கம் என்று தோன்றினால் தொழில் உறவு இலாகா, அங்கேயும் 60 நாள் கெடு.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சம்பள உதவித் தொகை சொக்சோ வழியாகவே முதலாளிகளுக்குப் போய், ஆளை நீக்காமல் வைத்திருக்க உதவியது. கட்டுப்பாடு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அது அறிவிக்கப்பட்டதற்குக் காரணம், பதிவும் ஆபீசும் ஆட்களும் முன்பே இருந்தன. பதிவில் இல்லாத தினக்கூலிகளை அது சென்று சேரவில்லை. உங்கள் தம்பி பிடித்தத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒன்று உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இன்று கேமரன் மலையில் தேயிலை கிள்ளுகிறவர்களிலும் முட்டைக்கோஸ் அறுக்கிறவர்களிலும் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். வேலையில் அடிபட்டால் 2019 முதல் சொக்சோ அவர்களைக் கவனிக்கிறது. வேலை இழந்தால் வேலைக் காப்புறுதி அவர்களுக்கு இல்லை. பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது, அவர் மூடினால் இவர்களுக்கு உள்ள நிவாரணம் விமான டிக்கெட் மட்டுமே, அதுவும் யார் கொடுப்பது என்ற சண்டையோடு. சந்தா கட்டுகிற எல்லாத் தொழிலாளருக்கும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், மூன்று மாத உதவியையாவது இந்தச் சட்டம் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்க வேண்டும். மலாயாத் தமிழர் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கோரிக்கை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள் இதைப் பள்ளித் திட்டமாகச் செய்ய நினைத்தால் வழி சொல்கிறேன். மூன்று விவரங்களைத் தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்: பெரியப்பா இருந்த ரப்பர் தோட்டத்தின் பெயர், அதன் மாவட்டம், இந்தியாவில் இறங்கிப் போன கிராமம். ஆட்களின் பெயர் அந்தக் கால அறிக்கைகளில் அரிதாகவே இருக்கும். தோட்டத்தின் பெயரும் மாவட்டமும் இருந்தால் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளையும், இந்திய அரசு ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளையும் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. 1930 ஆகஸ்டிலிருந்து பினாங்கு என்ற பெயரோடு தேடினால் கப்பல் புறப்பாட்டுச் செய்திகள் வரும். கிராமத்தின் பெயர் தெரிந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.